ஒரே பிழை, இரண்டு பிள்ளைகள்: மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் மரபுவழி வளர்சிதை மாற்ற நோய்களும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். பிறகு, தாய் மாடு எத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்பார்கள். பரம்பரை உடம்பில் இறங்கும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை. ஆனால் அது எந்த வழியாக இறங்குகிறது என்ற கேள்விக்கு, கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்த விடைகளில் ஒன்று ஆட்டுக் கொட்டிலிலிருந்து வந்தது.

டெக்செல் என்பது ஐரோப்பாவில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் செம்மறி இனம். தொடையிலும் முதுகிலும் சதை அபாரமாகத் திரண்டிருக்கும். தசை அளவு மீறி வளராமல் தடுக்கும் மயோஸ்டேட்டின் என்னும் புரதம் இவ்வகை ஆடுகளில் குறைவு. புரதம் குறைந்தால் அதை எழுதும் மரபணு பழுதாகியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். பெல்ஜியத்தின் லியேழ் பல்கலைக்கழகத்தில் மிஷேல் ஜார்ஜ் குழுவினர் தேடியபோது, புரதத்துக்கான பகுதியில் பிழை ஏதும் அகப்படவில்லை. மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் செய்தியின் வால் பகுதியில், புரதமாக மாறாத இடத்தில், 'ஜி' என்ற எழுத்து 'ஏ' ஆகியிருந்தது. தசையில் மிகுந்து காணப்படும் மிர்-1, மிர்-206 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள், அதாவது செய்தியை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள், வந்து ஒட்டிக்கொள்ள இந்த ஓரெழுத்து மாற்றம் இடம் அமைத்துக் கொடுத்துவிட்டது. அவை ஒட்டியதும் செய்தி அடங்கியது, புரதம் குறைந்தது, சதை திரண்டது. 2006இல் இது வெளியானபோது, மரபணுவில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அதில் எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்றும் பார்க்க வேண்டியதாயிற்று.

மனிதப் பிள்ளைகளின் நோய்களிலும் இந்தக் கேள்வி முக்கியம். குறிப்பாக, ஒரு நொதி பழுதாவதால் உடம்பின் வேதியியலே தடுமாறிப்போகும் மரபுவழி வளர்சிதை மாற்ற நோய்களில். அதை மதகடிப்பட்டில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஊரை ஒட்டிய கலிதீர்த்தாள்குப்பத்தில் 2006 முதல் ஸ்ரீ மணக்குள விநாயகர் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கிழக்கே கோரிமேட்டில் ஜிப்மர், மேற்கே முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், நெட்டப்பாக்கம், பாகூர் கொம்யூன்களில் பிறக்கும் பிள்ளைக்குப் பெரிய மருத்துவமனை எட்டாத தூரத்தில் இல்லை. அதே நேரம், இந்த நோய்கள் தங்குவதற்கு ஏற்ற குடும்ப அமைப்பும் இங்கே இருக்கிறது.

1902இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட், சிறுநீர் கருத்துப்போகும் அல்காப்டனூரியா என்ற நோயைப் பற்றி எழுதினார். அந்த நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பலர் ஒன்றுவிட்ட உறவில் மணந்தவர்கள் என்பதை அவர் கவனித்தார். அப்போதுதான் மறுபடி கண்டெடுக்கப்பட்டிருந்த மெண்டல் விதியைக் கொண்டு வில்லியம் பேட்சன் அதற்கு விளக்கம் தந்தார். ஆக, வளர்சிதை மாற்ற மரபியல் என்ற துறை பிறந்த நாளிலேயே உறவுமுறைத் திருமணம் அதோடு கூடப் பிறந்தது. இங்கிலாந்தில் அரிதாகத் தேடிக் கண்ட குடும்பங்கள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று முறை பார்த்துக் கட்டுவது இங்கே பலருக்கு உரிமை, சிலருக்குக் கடமை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் உறவுக்குள் மணந்தவர்கள். இந்தியா முழுமைக்கும் அது 11 சதவீதம்.

கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு நோய்க்கான பழுதான மரபணுப் பிரதி, ஊரிலுள்ள பிரதிகளில் 200க்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வாய்க்க 40,000இல் ஒரு வாய்ப்பு. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டினால் அது சுமார் 3,000இல் ஒன்று. அக்காள் மகளைக் கட்டினால் சுமார் 1,550இல் ஒன்று. எந்தக் கணக்கிலும் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகத்தான் பிறப்பார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் மொத்தப் பிரசவங்களையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவமனைக்கு, 40,000 என்பது 1,550 ஆவது வேறு உலகம்.

உறவில் கட்டாதவர்களும் இதிலிருந்து விடுபட்டவர்கள் என்று சொல்ல முடியாது. சொந்தச் சாதிக்குள் மட்டும் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பெண் கொடுத்து எடுத்தால், தெரியாத உறவு சேர்ந்துகொண்டே போகும். ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சி.சி.எம்.பி.) தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் பங்கேற்ற 2017ஆம் ஆண்டு ஆய்வு, தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட சமூகங்களைப் பரிசோதித்தது. அவற்றில் 81, மரபு நோய்களுக்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை. பழியை முறைமாப்பிள்ளையின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

இனி நோய்க்கு வருவோம். பிரசவம் நல்லபடி முடிகிறது. பிள்ளை அழுகிறது, பால் குடிக்கிறது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பால் குடிக்க மறுக்கிறது, கக்குகிறது, துவண்டு கிடக்கிறது. மூச்சு ஒரு மாதிரி வாங்குகிறது. பாட்டி தோஷம் என்கிறாள். மருத்துவமனையில் கிருமித் தொற்று என்று கருதி ஊசி போடுகிறார்கள், பெரும்பாலும் அது சரியான முதல் ஊகமும்கூட. ஆனால் தொற்று எதுவும் அகப்படாமல் பிள்ளை இன்னும் மங்கினால், ரத்தத்தில் அம்மோனியா பார்க்க வேண்டும். அந்த ஒரு பரிசோதனையைச் சரியாகச் செய்வதே பெரிய வேலை. கையை இறுக்கிக் கட்டாமல் ரத்தம் எடுக்க வேண்டும், குழாயை உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும், அரைமணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் குழாய்க்குள்ளேயே அம்மோனியா ஏறி, இல்லாத நோயைக் காட்டும்.

இவ்வகை நோய்களில் ஒன்றுக்கு மேப்பிள் சாறு சிறுநீர் நோய் என்று பெயர். லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உடைக்கும் நொதித் தொகுதி வேலை செய்யாது. லூசின் மூளையைத் தாக்கும். பிள்ளையின் சிறுநீரில், காதழுக்கில் தீய்ந்த சர்க்கரை வாடை வரும். மேப்பிள் சாற்றைக் கண்ணால் பார்த்திராத நமக்கு அந்த வாடை வேறு விதத்தில் பழக்கம்: அது வெந்தய வாடை. இரண்டிலும் இருப்பது சோட்டலோன் என்ற ஒரே பொருள். பேறுகாலத்தில் தாய்க்கு வெந்தயக் களியும் கஞ்சியும் கொடுப்பது நம் வழக்கம். தாய் வெந்தயம் சாப்பிட்டதால் நோயே இல்லாத பிள்ளையிடமும் இந்த வாடை வந்து மருத்துவர்கள் குழம்பிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே நம் ஊர் செவிலியர் வாடையை உணர்ந்தால், தாய் என்ன சாப்பிட்டாள் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, வெந்தயம்தான் என்று அடங்கிவிடவும் கூடாது. பிள்ளை துவண்டிருந்தால் ரத்தம் பார்த்தே தீர வேண்டும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் மரபுவழி வளர்சிதை மாற்றத்துக்கும் உள்ள தொடர்பு மிக ஆரம்பத்திலேயே வெளிப்பட்ட இடங்களில் இந்த நோயின் நொதித் தொகுதியும் ஒன்று. 2005இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் டீன் டேனரின் ஆய்வகம், அந்தத் தொகுதியின் நடு அங்கமான டி.பி.டி. புரதத்துக்கான செய்தியின் வாலில் மிர்-29பி ஒட்டுகிறது என்று காட்டியது. செல்லுக்குள் மிர்-29பி-ஐ ஏற்றினால் டி.பி.டி. குறைந்தது. அதைத் தடுத்தால் குறைவது நின்றது. டி.பி.டி. மரபணுவில் பிழை இல்லாத செல்லிலும் நொதியின் அளவை இன்னொரு கை கூட்டிக் குறைக்கிறது என்பது அதன் பொருள்.

அந்தக் கை எப்படி வேலை செய்கிறது? மரபணுவிலிருந்து முதலில் நீளமான ஓர் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அது தன்மேல் மடங்கி கொண்டை ஊசி வடிவம் எடுக்கும். செல் கருவுக்குள் ட்ரோஷா என்ற நொதி அதை வெட்டும். கருவுக்கு வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி மீண்டும் வெட்டும். மிஞ்சுவது சுமார் 22 எழுத்து நீளமுள்ள துண்டு. ஆர்கோனாட் என்ற புரதம் அதை ஏந்திக்கொண்டு, செல்லுக்குள் திரியும் செய்தி ஆர்.என்.ஏ.க்களை உரசிப் பார்க்கிறது. துண்டின் 2ஆம் எழுத்திலிருந்து 8ஆம் எழுத்து வரை எங்கே பொருந்துகிறதோ அங்கே ஒட்டும். அந்தச் செய்தி சிதையும் அல்லது புரதமாகாமல் நிற்கும். பெரும்பாலும் முழுவதும் நின்றுவிடாது. ஏரி மதகில் பலகையை விரற்கடை அளவு இறக்கினால் வாய்க்காலில் நீர் குறைவதுபோல, புரதம் கொஞ்சம் குறையும். ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான செய்திகளில் ஒட்டலாம், ஒரு செய்தியில் பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஒட்டலாம். மனித மரபணுக்களில் பாதிக்கு மேல் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன.

1993இல் விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதை முதலில் கண்டபோது, அது புழுவின் தனிக்குணம் என்றே பலர் நினைத்தார்கள். 2000இல் ருவ்குன் கண்ட லெட்-7, மனிதன் உட்படப் பல உயிர்களிலும் இருப்பது தெரிந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 2024ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

ஓர் எல்லையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சொந்த மரபணுவே பழுதாகி வரும் பரம்பரை நோய்கள் உண்டு. மிர்-96இல் ஏற்படும் மாற்றத்தால் காது கேளாமை இறங்குவதை 2009இல் ஸ்பெயின் நாட்டுக் குடும்பங்களில் கண்டார்கள். ஆனால் வளர்சிதை மாற்ற நோய்களில் மூலக் குற்றவாளி அனேகமாக நொதியின் மரபணுதான். மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்தப் பழுதின் விளைவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. நொதி அடியோடு இல்லாத பிள்ளைக்கு அது கூட்டிக் கொடுக்க எதுவும் இல்லை. நொதி கொஞ்சம் மிஞ்சியிருக்கும் பிள்ளைக்கே அதன் கூட்டலும் கழித்தலும் வாழ்வைத் தொடும். மேப்பிள் நோயின் கொடிய வகையில் நொதிச் செயல்பாடு இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதைவிடச் சற்றே கூடுதலாக மிஞ்சியிருக்கும் பிள்ளைகள், காய்ச்சலோ பட்டினியோ வரும்போது மட்டும் தடுமாறி, மற்ற நாளில் பள்ளிக்குப் போகிறார்கள். சில சதவீதம்தான் நடுவில் நிற்கிறது.

ஒரே வீட்டில், ஒரே பெற்றோருக்கு, ஒரே மரபணுப் பிழையோடு பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று படுத்துவிட, மற்றொன்று ஓடி விளையாடுவதை இந்தத் துறை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். காஷே நோயில் இது வெளிப்படையாகத் தெரியும். குளுக்கோசெரிப்ரோசைடேஸ் என்ற நொதி குறைவதால் கொழுப்புப் பொருள் தேங்கி, மண்ணீரல் வீங்கி, எலும்பு நைந்துபோகும் நோய் அது. 2004இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, இந்த நோயுள்ள இரட்டையர்களிடையே நோயின் கடுமை பெரிதும் வேறுபட்டதை விவரித்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களும் அவர்களில் உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒன்றான மரபணுத் தொகுதியை வைத்துக்கொண்டு உடம்பு இரண்டு விதமாக நடந்துகொள்ளுமானால், காரணத்தை எழுத்துக்கு வெளியேதான் தேட வேண்டும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் எலன் சிட்ரான்ஸ்கியின் குழு 2014இல் அப்படித் தேடியது. காஷே நோயாளியின் தோல் செல்களில் நூற்றுக்கணக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஒவ்வொன்றாக ஏற்றி, நொதியின் செயல்பாடு கூடுகிறதா குறைகிறதா என்று அளந்தார்கள். மிர்-16-5பி, மிர்-195-5பி இரண்டும் செயல்பாட்டைக் கணிசமாக உயர்த்தின. மிர்-127-5பி குறைத்தது, அதுவும் நொதியின் செய்தியைத் தொடாமலே. அந்த நொதியைச் செல்லுக்குள் லைசோசோம் என்ற அறைக்குச் சுமந்து செல்லும் லிம்ப்-2 புரதத்தை அது குறைத்துவிட்டது. நொதி தயாராகியும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. மரபணு அறிக்கையை மட்டும் கையில் வைத்திருக்கும் மருத்துவருக்கு இந்த வழித்தடம் கண்ணில் படாது. ஆய்வகத் தட்டில் கண்டது நோயாளியின் உடம்பிலும் அப்படியே நடக்கிறது என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனாலும், எங்கே தேட வேண்டும் என்று காட்டியவகையில் இந்த ஆய்வுக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன்.

என்னை மிகவும் ஈர்த்த ஆய்வு இந்தியர் ஒருவர் முன்னின்று செய்தது. கல்லீரல் செல்லிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் பெரும் பங்கு மிர்-122. ஆர்ஜினின் போன்ற அமினோ அமிலங்களைச் செல்லுக்குள் கொண்டுவரும் கேட்-1 என்ற புரதத்தை அது அடக்கி வைத்திருக்கிறது. சுவேந்திரநாத் பட்டாச்சாரியா, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வைட்டோல்ட் ஃபிலிபோவிச்சின் ஆய்வகத்தில், கல்லீரல் செல்களை அமினோ அமிலம் இல்லாமல் பட்டினி போட்டுப் பார்த்தார். அடக்கி வைக்கப்பட்டிருந்த கேட்-1 செய்தி விடுபட்டது. ஒதுக்கி வைக்கப்பட்ட இடத்திலிருந்து புரதம் செய்யும் இடத்துக்கு நகர்ந்தது. ஹெச்.யூ.ஆர். என்ற இன்னொரு புரதம் வந்து ஒட்டியதே அதற்கு வழி செய்தது. 2006இல் வெளியான இந்தக் கட்டுரை, மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் அடக்குமுறை ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான் என்ற எண்ணத்தை மாற்றியது. பின்னர் கொல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்த பட்டாச்சாரியாவுக்கு 2016இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது வழங்கப்பட்டது.

வளர்சிதை மாற்ற நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் எவருக்கும் பட்டினி என்ற சொல் பயம் தரும். வயிற்றுப்போக்கில் ஒருநாள் சாப்பாடு இறங்காவிட்டால் போதும், உடம்பு தன் தசையையே உடைக்கத் தொடங்கி, விலக்க வேண்டிய அமினோ அமிலமும் அம்மோனியாவும் ரத்தத்தில் பெருகும். கல்லீரல் செல் பட்டினியை உணர்ந்து தன் மைக்ரோ ஆர்.என்.ஏ. கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது என்றால், நோயுள்ள பிள்ளையின் கல்லீரலில் அந்த நேரத்தில் என்னென்ன தளர்கிறது என்று பார்ப்பது வெறும் அறிவு ஆவலாக நின்றுவிடாது. எந்தப் பிள்ளை நெருக்கடியைத் தாண்டும் என்பதோடு அதற்குச் சம்பந்தம் இருக்கலாம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. இன்று மருத்துவமனைக்கு மிக நெருங்கி வந்திருப்பது நோயின் அடையாளமாகத்தான். பாம்ப்பே நோயில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் லைசோசோமில் தேங்கி, தசையும் இதயமும் பழுதாகும். கைக்குழந்தை வகையில் பிள்ளை துணிபோல் தொய்ந்து, இதயம் பெருத்து, சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் முதல் பிறந்தநாளைக் காணாது. தசை செல் சிதையும்போது அதனுள் இருக்கும் மிர்-133ஏ ரத்தத்தில் கசியும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஜான்கார்லோ பரேந்தியின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் ரத்தத்தில் அது உயர்ந்திருந்தது, கைக்குழந்தை வகையில் இன்னும் கூடுதலாக. நொதியை ஊசிவழி ஏற்றத் தொடங்கிய மூன்று குழந்தைகளிடம், உடல்நிலை தேறத் தேற அது இறங்கியது. டெக்செல் ஆட்டுக்குச் சதை சேர்த்த மிர்-206உம் பாம்ப்பே நோயாளிகளின் ரத்தத்தில் உயர்வதை வேறு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சிகிச்சை பலன் தருகிறதா என்று அறியத் தசையைக் கீறி எடுக்காமல் ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்க முடிந்தால், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அது எத்தனை பெரிய நிம்மதி.

இதை வைத்துக் கடை விரிக்க யாராவது வந்தால் நம்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மிர்-133ஏ டூஷென் தசைச்சிதைவு நோயிலும் உயரும். மிர்-122 பாராசிட்டமால் மிகையால் கல்லீரல் கெட்டாலும் உயரும். ஆகவே இவற்றைக் கொண்டு நோயின் பெயரைச் சொல்ல முடியாது, பெயர் தெரிந்த நோயின் போக்கைத்தான் பின்தொடர முடியும். இன்னொரு சிக்கல் நம் சாலைகளில் இருக்கிறது. ரத்தச் சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 இரண்டும் ஏராளம். குழாய் குலுங்கி அணுக்கள் உடைந்தால் அவை திரவத்தில் கலந்து அளவைத் தலைகீழாக்கிவிடும். பல ஆய்வகங்கள் மற்றவற்றை ஒப்பிட்டு அளக்க நிலையான அளவுகோலாக வைத்திருந்ததே மிர்-16 தான். மதகடிப்பட்டில் காலையில் எடுத்த ரத்தம் வெயிலில் பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ போய், மாலையில் நகரத்து ஆய்வகத்தில் சுழற்றப்பட்டால், வரும் எண் நோயைச் சொல்கிறதா சாலையைச் சொல்கிறதா என்று பிரித்தறிய முடியாது. எடுத்த இடத்திலேயே, எடுத்த சற்று நேரத்தில், சுழற்றிப் பிரிக்கும் வசதி வேண்டும். மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பகுதிக்கு அது கைக்கு எட்டியதுதான்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. மைக்ரோ ஆர்.என்.ஏ.வையே மருந்தாக்கும் முயற்சிகள் இன்னும் கரையேறவில்லை. மிர்-34ஐப் போலச் செய்யப்பட்ட புற்றுநோய் மருந்தின் பரிசோதனை, கடுமையான எதிர்ப்பாற்றல் விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான செய்திகளைத் தொடும் ஒன்றை உடம்பில் ஏற்றினால் எங்கெல்லாம் கை வைக்கும் என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. ஆனால் அது பயன்படுத்தும் ஆர்கோனாட் பாதையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு செய்தியை மட்டும் அடக்கும்படி ஆய்வகத்தில் செய்த சிறு ஆர்.என்.ஏ.க்கள் வென்றுவிட்டன. கல்லீரல் போர்ஃபிரியாவுக்கு கிவோசிரான் 2019இலும், சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் குவியும் பரம்பரை நோய்க்கு லுமாசிரான் 2020இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டும் மரபுவழி வளர்சிதை மாற்ற நோய்கள். லுமாசிரான் பழுதான மரபணுவைத் தொடுவதே இல்லை. அதற்கு முந்தைய படியிலுள்ள நொதியை அடக்கி, ஆக்சலேட் உண்டாவதையே குறைத்துவிடுகிறது.

இந்தியாவில் 2021இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, அடுத்த ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி தருகிறது. காஷே, பாம்ப்பே இரண்டும் அதன் பட்டியலில் உண்டு. எடைக்கேற்ப அளவு கூடும் நொதி ஊசியை ஆயுள் முழுக்கப் போட வேண்டிய பிள்ளைக்கு அந்தத் தொகை சில ஆண்டுகளில் கரைந்துவிடும். அதன்பின் என்ன என்ற கேள்வியோடு பெற்றோர் நீதிமன்றப் படி ஏறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். புதுச்சேரி போன்ற சிறிய ஒன்றியப் பகுதி இந்தச் செலவைத் தனியே சுமக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எல்லா நோய்க்கும் இப்படிச் செலவாவதில்லை. பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்குத் தேவை தினமும் சில மில்லிகிராம் பயோட்டின் வைட்டமின் மட்டுமே. தாமதமாகக் கண்டால் காதும் கண்ணும் போகும், பிறந்தவுடன் கண்டால் பிள்ளை மற்ற பிள்ளைபோல் வளரும்.

பிறந்தவுடன் காண்பதற்கு வழி 1960களிலேயே வந்துவிட்டது. ராபர்ட் கத்ரி அமெரிக்காவில் புகுத்திய முறை: பிறந்து ஒருநாள் கழிந்ததும் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தைக் கெட்டியான வடிதாளில் வாங்கி உலர்த்துவது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அப்பாஜி ராவ் 1980களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை இப்படிப் பரிசோதித்தார். ஹைதராபாத்தில் ரமா தேவி 18,300 பிள்ளைகளைப் பார்த்து, வளர்சிதை மாற்ற நோய்கள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதாக 2004இல் எழுதினார். உறவுத் திருமணத்தின் பங்கையும் அவர் சுட்டினார். கேரள அரசு தன் மருத்துவமனைகளில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இதைச் செய்கிறது. புதுச்சேரியில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகையே 2011 கணக்கின்படி 12.5 லட்சத்துக்குள்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை என்பது இங்கே முடியாத காரியமல்ல.

மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வுக்கும் அதே அட்டை போதும் என்பதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு. மைக்ரோ ஆர்.என்.ஏ. குட்டையானது, புரதத்தின் அணைப்பில் இருப்பது. அதனால் உலர்ந்த ரத்தப் பொட்டிலும் சிதையாமல் நிற்கும். குலுங்கி உடையும் குழாய்ச் சிக்கலும் அதில் கிடையாது, ரத்தம் முழுதும் ஒன்றாகவே உலர்ந்துவிடுகிறது. ஒரே பிழையைச் சுமக்கும் அண்ணனும் தங்கையும், ஒன்றுவிட்ட சகோதரர்களும் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் வாழும் ஊர்கள் உலகில் அதிகம் இல்லை. ஒரே சோறு, ஒரே தண்ணீர், ஒரே மரபணுப் பிழை, வேறு வேறு நோய்க்கடுமை: காரணத்தைத் தேட இதைவிடத் தெளிவான இடம் லியேழிலும் நேப்பிள்சிலும் கிடைக்காது. ஆனால் அந்த ரத்தம் அந்தக் குடும்பத்தினுடையது. எதற்காக எடுக்கிறோம், எவ்வளவு காலம் வைப்போம், எந்தத் தகவலை யாருக்குச் சொல்வோம் என்பதைத் தமிழில், உட்கார்ந்து, அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, ஒப்புதல் வாங்க வேண்டும். உறவில் கட்டியதற்காக அந்தப் பெண்ணை வீட்டில் யாரும் குத்திக்காட்ட அந்தத் தகவல் கருவியாகிவிடக் கூடாது.

இன்றைக்கே, புதிய கருவி எதுவும் வாங்காமல், செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. என்ன நோயென்று தெரியாமலே ஒரு பச்சிளங்குழந்தை கைமீறிப் போகும்போது, பெற்றோரிடம் சொல்லி அனுமதி பெற்று, உடலைக் கொடுத்தனுப்பும் முன் வடிதாளில் நாலு பொட்டு ரத்தம் எடுத்து உலர்த்திக் குளிரில் வைக்க வேண்டும். அந்த நிலையில் அதைக் கேட்பது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதே பெற்றோருக்கு அடுத்த ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து காத்திருக்கலாம். நோய் இன்னதென்று தெரிந்திருந்தால் மட்டுமே, 11ஆம் வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவைப் பரிசோதிக்க முடியும். முதல் பிள்ளையின் ரத்தம் இல்லாவிட்டால், இரண்டாவது பிள்ளைக்காக வரும் அந்தத் தாயிடம் மருத்துவர்கள் தீர்மானமாக ஒரு வார்த்தை சொல்வது மிகக் கடினம்.